மெக்சிகோ விருந்தாளிக்கு உயிர் இறால்

மயிலாப்பூரில் மீனுக்குத் தீனி என்றால் பொரிதான். கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்துப் படியில் நின்று ஒரு கைப்பிடி வீசினால் போதும், பொரி நனைவதற்குள் காலியாகிவிடும். இந்த எளிய கணக்குக்குள் அடங்காத ஒரு பிராணி சில ஆண்டுகளாகச் சென்னை அடுக்குமாடி வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பொரி தெரியாது. மீன் தீனிக் குருணையைப் போட்டால், அது தன் தலைமேல் விழும்வரை கவனிக்காது. ஒரு சின்ன இறால் வாலைச் சுண்டிக்கொண்டு முகத்தருகே போனால் மட்டும், அதுவரை அசையாமல் கிடந்தது சட்டென்று வாயைத் திறந்து மூடும். இறால் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கும்.

அதன் பெயர் ஆக்ஸலாட்டல். வண்ணமீன் கடைகளில் சிலர் 'மெக்சிகன் வாக்கிங் ஃபிஷ்' என்பார்கள். நடப்பது உண்மை, மீன் என்பது பொய். அது சாலமாண்டர் இனத்து நீர்நில வாழ்வி. ஆனால் நிலத்துக்கு வருவதே இல்லை. தலைப்பிரட்டை தவளையாகாமலே பெரிதாகி, அந்த உருவத்திலேயே முட்டையும் இட்டால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு பிறவி. தலையின் இருபுறமும் மும்மூன்று செவுள் கொம்புகள், எப்போதும் லேசாகச் சிரிப்பது போன்ற வாய், வெட்டுப்பட்டால் மறுபடி முளைக்கும் கால். 2018-இல் இதன் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தபோது, அது 3,200 கோடி எழுத்துக்கள் கொண்டது, அதாவது மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு, என்று தெரிந்தது.

இவ்வளவு இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் காதலித்தது விஞ்ஞானத்தால் அல்ல. 2021 ஜூனில் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டுக்குள் ஆக்ஸலாட்டல் நுழைந்தது. பென்சில் டப்பா, சாவிக்கொத்து, தலையணை என்று அந்த இளஞ்சிவப்பு முகம் பரவியது. "அப்பா, எனக்கு நிஜமாவே ஒண்ணு வேணும்" என்பது அடுத்த கட்டம். அந்த விளையாட்டில் இதற்கு வெப்பமண்டல மீனை வாளியோடு ஊட்டுவார்கள். நிஜத்தில் அது கூடாத காரியம். தங்கமீன் போன்ற சில மீன்களின் உடலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி உண்டு. முள் தொண்டையில் சிக்கும். கடைத்தொட்டி மீனோடு ஒட்டுண்ணியும் கூடவே வரும். ஆகவே கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மீனை விட்டுவிட்டு இறாலுக்கு வருகிறார்கள். போடலாமா? போடலாம். ஆனால் எந்த இறால், எவ்வளவு, எந்தத் தண்ணீரில் என்று கேட்கத் தொடங்கினால் பேச்சு நீளும். சென்னையில் இன்னும் நீளும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். மெக்சிகோ நகரத்தின் தெற்கோரத்தில் சோச்சிமில்கோ என்ற கால்வாய்ப் பகுதி இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே, அதாவது நம் ஊட்டி உயரத்தில். உலகத்தில் ஆக்ஸலாட்டல் இயற்கையாக மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான். 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிட்டார்கள். 2014-இல் அது சுமார் 36 ஆகிவிட்டது. சாக்கடைக் கலப்பு ஒரு காரணம். உணவு உற்பத்தியைப் பெருக்கவென்று அரசே கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் இன்னொரு காரணம். அவை முட்டைகளையும் குஞ்சுகளையும் மேய்ந்து தீர்த்தன. திலேப்பியா என்றால் வேறு யாருமில்லை, நம் ஜிலேபி கெண்டைதான். 1952-இல் இந்தியாவுக்கு வந்து, இன்று அடையாற்றில் தூண்டில் போடுகிறவர் கையில் முதலில் சிக்குகிற அதே ஆசாமி.

வீட்டுத் தொட்டிகளில் இருப்பவை சோச்சிமில்கோவிலிருந்து நேரே பிடித்து வந்தவை அல்ல. 1864 வாக்கில் பாரிசுக்கு 34 ஆக்ஸலாட்டல்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு, ஐந்து ஆணும் ஒரு பெண்ணும், ஓகுஸ்த் துமெரில் என்ற விலங்கியலாளர் கைக்கு வந்தன. இன்று உலகெங்கும் ஆய்வகங்களிலும் வீடுகளிலும் இருக்கும் கூட்டத்தில் பெரும்பகுதியின் வேர் அங்கேதான். ஒன்றரை நூற்றாண்டாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தும் உடம்பு மட்டும் மலைநாட்டுக் குளிரை மறக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோச்சிமில்கோவில் இதன் இரை என்ன? புழு, நத்தை, பூச்சிகளின் இளம்பருவம், அப்புறம் 'அகோசில்' என்று அங்கே சொல்லும் விரல்நீளம்கூட இல்லாத நன்னீர்க் கிரேஃபிஷ். ஆக, ஓடுள்ள உயிரைத் தின்பது இதன் குலவழக்கம்தான். இறாலைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இதற்குக் கண் அவ்வளவு கூர்மையில்லை. வாசனையாலும், தோலில் வரிசையாக இருக்கும் உணர்வுப் புள்ளிகளாலும், தண்ணீரின் அதிர்வையும் மெல்லிய மின்சலனத்தையும் பிடிக்கிறது. இரை அருகே வந்ததும் தொண்டையைக் கீழே தள்ளி, வாய்க்குள் தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீரோடு இரையும் உள்ளே போகிறது. மெல்லுவது கிடையாது. பற்கள் பிடித்து நிறுத்தத்தான், அரைக்க அல்ல. எனவே வாய்க்குள் போகிற எதுவும் முழுசாகத்தான் போகும். இறாலோடு அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் போகும், குடலை அடைக்கும். வளர்க்கிறவர்கள் தொட்டியின் அடியை வெறுமையாக வைப்பதும், பொடி மணல் மட்டும் போடுவதும் இதனால்தான்.

சரி, எந்த இறால்?

மெரினா லூப் ரோட்டில் 2024-இல் திறந்த மீன் அங்காடிக்குப் போனால் கடல் இறால் குவிந்து கிடக்கும். அது உயிரோடு இல்லை, நன்னீரும் இல்லை. நன்னீர்த் தொட்டியில் விட்டால் கடல் இறால் எப்படியும் சாகும். இன்னொரு விஷயம்: பிடித்த இறால் கறுக்காமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்பைட் தூவும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. சமைத்துச் சாப்பிடும் மனிதனுக்கு வரம்புக்குள் இருந்தால் பரவாயில்லை. தோலாலும் சுவாசிக்கும் ஒரு நீர்நில வாழ்விக்கு அதைக் கழுவாமல் கொடுப்பது புத்திசாலித்தனமில்லை. ஊரில் அதிகம் விற்கும் வளர்ப்பு இறாலான வன்னமெய் 2009 முதல் இந்தியாவில் பண்ணைகளில் வளர்கிறது. அது உவர்நீர் ஆசாமி. சாந்தோம் நெடுஞ்சாலையில், அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987 முதல் இருப்பது இந்த வகை உவர்நீர் உயிர்களுக்காகத்தான். இறாலின் நோய்களைப் பற்றி அங்கே நடக்கிற வேலையைக் கேள்விப்பட்டவர்கள், கண்ட குட்டையில் பிடித்த இறாலை நேரே தொட்டியில் கொட்ட மாட்டார்கள். இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் ஆக்ஸலாட்டலைத் தாக்குவதில்லை. ஆனால் தண்ணீரோடு வரும் பாக்டீரியாவும் புழுவும் அப்படி மரியாதை பார்ப்பதில்லை.

நன்னீர் இறாலில் காவிரியிலும் கோதாவரியிலும் கிடைக்கும் பெரிய ஆற்றிறால்கள், ஏற்றுமதிக்காரர்கள் 'ஸ்கேம்பி' என்று சொல்லும் நீலக்கொடுக்கு இறால், எல்லாம் மேக்ரோப்ராக்கியம் என்ற ஒரே பேரினம். வண்ணமீன் கடையில் 'கோஸ்ட் ஷ்ரிம்ப்' என்று பையில் கட்டித் தரும் கண்ணாடி இறால்களில் பலவும் இந்தப் பேரினத்தின் சிறு வகைகளோ குஞ்சுகளோதான். இங்கேதான் கவனம் வேண்டும். இந்தக் கூட்டத்துக்குக் கொடுக்கு உண்டு. பகலில் அது ஆக்ஸலாட்டலின் இரை. இரவில் விளக்கை அணைத்தபின், அசையாமல் கிடக்கும் ஆக்ஸலாட்டலின் செவுள் இழைகளை அதுவே கிள்ளிப் பார்க்கும். போட்டது இரையா வேட்டைக்காரனா என்று காலையில்தான் தெரியும். நெற்றியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பம் போன்ற முள்ளும் சின்ன விஷயமில்லை. பெரிய இறாலாக இருந்தால் அந்த முள் தொண்டையில் குத்தும்.

கொடுக்கு என்று சொல்லும்படியாக எதுவும் இல்லாத, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளராத செர்ரி ஷ்ரிம்ப்தான் பத்திரமானது. கிழக்காசியாவின் நியோகாரிடினா பேரினத்தைச் சேர்ந்தது. ஒரு பாசி நிறத்து ஓடை இறாலைப் பொறுக்கிப் பொறுக்கி இனம்சேர்த்துச் சிவப்பாக்கி, அழகுக்காக விற்கிறார்கள். அழகுக்காக வாங்கியதை இரையாக்க மனசு வராதவர்கள், நிறம் மங்கிப் பிறந்தவற்றை மட்டும் ஒதுக்குவதுண்டு. அளவுக்கு ஒரே விதி: ஆக்ஸலாட்டலின் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிட இரையின் பருமன் குறைவாக இருக்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு இதைவிட எளிய பதில். வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பாடு போதும். அதில் இறால் எப்போதாவது வரும் பலகாரம்தான். வழக்கமான சோறு மண்புழு.

மண்புழு விஷயத்தில் சென்னைக்காரர்கள் பாக்கியசாலிகள். ராயப்பேட்டை நியூ காலேஜில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணின் மண்புழுக்களைப் பற்றி ஆராய்ந்து, அவற்றை உழவர்களிடமும் மாடித்தோட்டக்காரர்களிடமும் கொண்டுபோனவர். அவர் முன்னிறுத்திய உள்ளூர் இனங்கள் நம் தோட்ட மண்ணில் தாமாகவே இருப்பவை. மண்புழு உரக்குழி வைத்திருக்கிறவரிடம் கேட்டால் ஒரு கைப்பிடி தருவார். ஒரு எச்சரிக்கை உண்டு: உரக்குழிகளில் போடும் சிவப்புப் புழுவில் ஒரு வகை, ஐசீனியா, கசப்பான திரவம் கக்கும். ஆக்ஸலாட்டல் அதை வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்த வேறு வகைப் புழுவைக் கழுவிப் போட்டால் பிரச்சினை இல்லை. கடைகளில் பந்துபந்தாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு மலிவானது, ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வளர்வது. அதைத் தொடாமலிருப்பது நல்லது. முட்டைகூட வராத சமையலறைகள் நிறைந்த மாடவீதிப் பக்கத்தில், ஃபிரிட்ஜில் மோர்மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் உறைந்த 'ப்ளட் வார்ம்' புழுத்தீனிக் கட்டி எப்படி இடம் பிடிக்கிறது என்பது தனிக் குடும்ப அரசியல். பேரனுக்காகப் பாட்டி விட்டுக்கொடுப்பாள். மாமியார் விட்டுக்கொடுப்பாரா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

இனி, முன்பே நினைவில் வைக்கச் சொன்ன குளிர். ஆக்ஸலாட்டலுக்குத் தண்ணீர் 16-லிருந்து 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 20 தாண்டினால் சோர்வு, 24-க்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் நோய். சென்னையில்? 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த உச்சத்தை விட்டுவிடுவோம். தை மாத விடியற்காலையில்கூட இந்த ஊரின் சராசரிக் குறைந்தபட்சம் 21 டிகிரியை ஒட்டித்தான். அதாவது ஆண்டின் மிகக் குளிர்ந்த காலத்திலும் நம் குழாய்த் தண்ணீர் தானாக 18-க்கு இறங்குவது அபூர்வம். மே மாத மாடித்தொட்டித் தண்ணீரில் கையை விட்டவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

"ஃபேன் வச்சா போதும்" என்று கடையில் சொல்வார்கள். தொட்டியின் மேல் மின்விசிறி வைத்தால் ஆவியாவதால் தண்ணீர் குளிரும், உண்மை. ஆனால் ஈரக்காற்றுள்ள ஊரில் அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு தரைமட்டம் உண்டு. காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் அதற்குக் கீழே இறங்க விடாது. கோடையில் சென்னையின் அந்தத் தரைமட்டமே 25-க்கு மேல். பெங்களூரிலோ கோவையிலோ வேலை செய்கிற மின்விசிறி பெசன்ட் நகரில் தோற்பது இதனால்தான். ஏ.சி. அறையில் வைத்தாலும், 24-இல் ஓடும் ஏ.சி.யில் தண்ணீர் 24-ஐ ஒட்டியே இருக்கும், மோட்டாரும் விளக்கும் சேர்ந்தால் ஒரு டிகிரி கூடும். தண்ணீரைக் குளிர்விக்கவென்றே செய்த சில்லர் ஒன்றுதான் வழி. தொட்டியைவிட, ஏன், ஆக்ஸலாட்டலைவிடப் பல மடங்கு விலை. வாங்கிய பின் மாதாமாதம் மின்கட்டணம் வேறு.

இந்தச் சூட்டுக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியான சம்பந்தம். 18 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஒன்பதரை மில்லிகிராம் போல ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கும். அதே நேரம் சூட்டில் ஆக்ஸலாட்டலின் உடம்பு வேகமாக ஓடி, கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். தின்னாமல் விட்ட இறால் ஒன்று கல்லிடுக்கில் செத்து அழுகினால் அமோனியா சேரும். சூடும் காரத்தன்மையும் கூடக் கூட அந்த அமோனியாவில் விஷமான வடிவத்தின் பங்கு கூடும். காரத்தன்மை ஒரே அளவில் இருந்தாலே 18-லிருந்து 30-க்குப் போகையில் அது இரண்டு மடங்குக்கு மேலாகும். குளிர்ந்த தொட்டியில் ஒரு இறால் செத்துக் கிடந்தால் அது அலட்சியம், சூடான தொட்டியில் அதுவே ஆபத்து. தவிர, சூடேறிய ஆக்ஸலாட்டல் முதலில் செய்வதே சாப்பாட்டை மறுப்பதுதான். "இறால் போட்டேன், திங்க மாட்டேங்குது, இறால் பிடிக்கலை போல" என்று புலம்புகிறவர்கள் இறாலை மாற்றுவதற்கு முன் தெர்மாமீட்டரைப் பார்க்கலாம். செவுள்கள் முன்பக்கமாக மடங்கியிருந்தாலும் வால்நுனி கொக்கிபோலச் சுருண்டிருந்தாலும் பிராணி அவதிப்படுகிறது என்று பொருள்.

தண்ணீரின் தரத்தில் மட்டும் சென்னை கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆக்ஸலாட்டலுக்கும் இறாலுக்கும் உப்புச்சத்து ஓரளவு உள்ள கடினநீர்தான் பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் அவற்றுக்குச் சத்தில்லாத தண்ணீர். மடிப்பாக்கத்து போர் தண்ணீரில் பக்கெட் வெளுத்துப்போவதைத் திட்டுகிற இல்லத்தரசிக்கு இது ஆறுதலாக இருக்காது. கடலோரத்து போர்களில் கோடையில் உவர்ப்பே ஏறிவிடும், அது வேறு தொல்லை. தென்சென்னைக் குழாயில் வருவதோ ஒரு நாள் ஏரித் தண்ணீர், ஒரு நாள் 2013-இல் தொடங்கிய நெம்மேலி ஆலையின் கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீர். தன்மை மாறிக்கொண்டே இருக்கும். எதுவானாலும் குளோரின் இருக்கும். குளோரினை முறிக்கும் சொட்டுமருந்து போடாமல் விட்டால் இறால் முதலில் போகும், ஆக்ஸலாட்டலின் செவுள் அடுத்து.

இறாலை வீட்டிலேயே வளர்ப்பதுதான் உத்தமம். கடையிலிருந்து வந்ததை நேரே இரையாக்காமல் சில வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்தாலே பாதிக் கவலை தீரும். பெருக்கினால் மீதியும் தீரும். ஸ்கேம்பியை வீட்டில் பெருக்க முடியாது, அதன் குஞ்சுப்பருவத்துக்கு உவர்நீர் வேண்டும். செர்ரி ஷ்ரிம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. பெண் இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றடியில் சுமந்து, மூன்று நான்கு வாரத்தில் குட்டி இறால்களாகவே இறக்கிவிடும். ஒரு பிளாஸ்டிக் டப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் பாசி, வேகவைத்த கீரை. பெசன்ட் நகர் தெருவெல்லாம் உதிர்ந்து கிடக்கும் நாட்டு வாதாம் இலையில் நன்றாகக் காய்ந்ததாக இரண்டு. இலை மெல்ல ஊறி மட்கும்போது அதன்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலத்தை இறால் மேயும். நல்ல தீனி தின்ற இறால்தான் நல்ல இரை.

டப்பை மொட்டை மாடியில் வைத்தால் வெந்துவிடும், நிழலில் வையுங்கள். கொசுவலை போட்டு மூடுங்கள். டெங்கு காலத்தில் மாநகராட்சிப் பணியாளர்கள் வீடுவீடாகத் தேங்கிய தண்ணீரைத் தேடி வருவார்கள். மூடாத டப்பில் கொசுப்புழு இருந்தால் அவர்கள் ஊற்றுவது அபேட். டெமிஃபாஸ் என்ற அந்த மருந்து கொசுப்புழுவைக் கொல்வதோடு இறாலையும் கொல்லும். தெருக் கிணற்றிலோ குட்டையிலோ இலவசமாக இறால் அள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்: அந்தத் தண்ணீரில் யார் எப்போது என்ன ஊற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

உயிரோடு போடத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. மண்புழுத் துண்டையோ, உறையவைத்து இளக்கிய இறால் சதையையோ இடுக்கியில் பிடித்து மூக்கருகே ஆட்டினால் பெரும்பாலான ஆக்ஸலாட்டல்கள் பழகிக்கொள்ளும். உயிர் இறாலின் பயன், புதிதாக வந்து சாப்பிட மறுக்கும் பிராணிக்குப் பசியைத் தூண்டுவது, தேடிப் பிடிக்கும் வேலை கொடுப்பது. இந்த இரண்டுக்கும் சரி. ஆனால் பல வீடுகளில் உயிர் இறால் போவது மொபைல் கேமராவுக்காக. 'ரீல்ஸ்'இல் அந்த நொடிநேர உறிஞ்சல் நன்றாக ஓடுகிறது.

இங்கே அடையாற்றின் ஒரு பழைய பெயர் குறுக்கே வருகிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்படி அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியம் நெடுங்காலம் சென்னையில்தான் இயங்கியது. அந்தச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரினமும். அந்த வரையறையில் இறாலுக்கும் இடம் உண்டு. வெறும் பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கை அடைத்துவைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதைக் குற்றமாகச் சொல்லும் பிரிவும் அதில் உண்டு. பசிக்குப் போடும் இறாலை அது தொடாது. லைக்குக்காகத் தொட்டியில் பத்து இறாலைக் கொட்டிப் படம் பிடிப்பது அந்த வாசகத்துக்குச் சங்கடமான அருகில் நிற்கிறது. இறாலுக்கு வலி தெரியுமா என்று சிரிப்பவர்களுக்கு: பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்குணர்வுச் சட்டம் நண்டையும் இறாலையும் உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

சட்டம் என்று வந்தபின் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடையில் சொல்ல மாட்டார்கள். அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸலாட்டல் உண்டு. 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, அந்தப் பட்டியல் உயிர்களை வீட்டில் வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்றது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கை மாற்றினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். "மச்சான்கிட்ட இருந்து வாங்கினது, பேப்பர் எல்லாம் கிடையாது" என்பது பதில் ஆகாது. மெக்சிகோப் பிராணிகள் சென்னைக்கு வரும் வழிகள் சுங்கத்துறைக்குப் புதிதல்ல. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலைப் பிரித்தபோது, சின்னச் சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட டரான்டுலா பேரினம் ஒன்று அவற்றில் இருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினார்கள். பார்சல் வந்த வழியே திரும்பிப் போனது.

கடைசியாக, மின்வெட்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது மரங்களும் கம்பங்களும் சாய்ந்து, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே கதை, தண்ணீரும் சேர்ந்து. சில்லர் நின்றால் அடுத்து என்ன? உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிடலாம், ஆனால் ஃபிரிட்ஜும் நின்றிருக்குமே. இன்வெர்ட்டரில் காற்று மோட்டாராவது ஓட வேண்டும். தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் ஒட்டியிருக்க வேண்டும். இரை கொடுப்பதை நிறுத்தி, இறால்களை வெளியே எடுத்துவிட வேண்டும். வளர்ந்த ஆக்ஸலாட்டல் சில நாள் பட்டினி தாங்கும், சூட்டையும் அழுக்கையும்தான் தாங்காது.

முடியவில்லை, பராமரிக்க ஆளில்லை என்றால் அடையாற்றிலோ சேத்துப்பட்டு ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். ஆக்ஸலாட்டல் அந்தச் சூட்டில் பிழைக்காது, கூடவே கொட்டும் அயல்நாட்டு இறால் பிழைத்துவிடக்கூடும். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி ஏரியில் விட்ட சக்கர் மீன்கள் இன்று சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. சில்லருக்கும், அது நின்றுபோகிற நாளுக்கும் ஏற்பாடு இல்லாத வீட்டில் ஆக்ஸலாட்டல் வேண்டாம். பிள்ளை பிடிவாதம் பிடித்தால் அந்த இறால் தொட்டியை மட்டும் வைத்துக்கொடுங்கள். சென்னைச் சூட்டுக்கு அதற்கு நிழலும் ஒரு சின்ன மின்விசிறியும் போதும்.